சொந்தக் கப்பல் இல்லாத சரக்கேற்றுநர்: என்விஓசிசி குறித்து ஏற்றுமதியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூரிலிருந்து பின்னலாடைகளைத் தூத்துக்குடி வழியாக அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பும் சிறு ஏற்றுமதியாளர்களில் பலர், தங்கள் சரக்கைச் சுமந்து செல்லும் கப்பலின் நிறுவனத்தோடு ஒரு கடிதம்கூடப் பரிமாறிக்கொள்வதில்லை. அவர்களுக்கும் கப்பலுக்கும் நடுவில் வேறொரு நிறுவனம் நிற்கிறது, பி.எல். எனப்படும் சரக்கேற்றுச் சீட்டை அந்த நிறுவனமே தன் பெயரில் எழுதித் தருகிறது. அதன் சட்ட நிலை என்ன, அது தரும் காகிதத்துக்கு மதிப்பு எவ்வளவு, அது தவறினால் யாரிடம் போய்க் கேட்பது என்பவை சரக்கு ஏறுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை. பணம் வராமல் போன பிறகே பெரும்பாலோர் இவற்றைக் கேட்கிறார்கள் என்பதால் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

என்விஓசிசி என்பது யார்?

‘நான் வெசல் ஆப்பரேட்டிங் காமன் கேரியர்’ என்பதன் சுருக்கம் இது. தொழிலில் ‘என்விஓ’ என்றே சொல்கிறார்கள். கப்பலை இயக்காமலேயே, சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பைத் தன் பெயரில் ஏற்கும் நிறுவனம் என்பது பொருள். அமெரிக்காவின் 1984ஆம் ஆண்டுக் கப்பல் போக்குவரத்துச் சட்டம் இதற்குத் தரும் வரையறையில் இரண்டு பகுதிகள் உள்ளன: அது கப்பலை இயக்காத பொதுச் சரக்கேற்றுநர், கப்பல் நிறுவனத்தோடு உள்ள உறவிலோ அது ஒரு ஷிப்பர், அதாவது சரக்கு அனுப்புநர். நம்மைப் பார்த்து நிற்கும்போது அந்த நிறுவனம் சரக்கேற்றுநராகவும், கப்பலைப் பார்த்து நிற்கும்போது நம்மைப் போன்ற ஒரு வாடிக்கையாளராகவும் இருக்கிறது. கீழே வரும் பதில்கள் அனைத்தும் இந்த இரட்டை நிலையிலிருந்தே பிறக்கின்றன.

நம் நாட்டில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வழக்கும் உண்டு. வளைகுடா, தென்கிழக்கு ஆசிய வழித்தடங்களில் ‘என்விஓ’ என்றால், சொந்தமாகவோ குத்தகைக்கோ கண்டெய்னர்களை வைத்துக்கொண்டு, பிறருடைய ஃபீடர் கப்பல்களில் (பெரிய துறைமுகத்துக்குப் பெட்டிகளைக் கொண்டுசேர்க்கும் சிறு கப்பல்கள்) இடம் வாங்கி அவற்றை ஏற்றி அனுப்பும் நிறுவனம் என்று பொருள்கொள்வார்கள். சட்டத்தின் பார்வையில் பெட்டி யாருடையது என்பது முக்கியமல்ல, பி.எல்.லில் சரக்கேற்றுநர் என்று யார் கையெழுத்திட்டார் என்பதே முக்கியம்.

ஃபார்வர்டருக்கும் என்விஓவுக்கும் என்ன வேறுபாடு? இரண்டு வேலைகளையும் ஒரே அலுவலகம்தானே செய்கிறது?

பல நேரங்களில் ஒரே அலுவலகம்தான் செய்கிறது; அதனால்தான் குழப்பமும் வருகிறது. ஃபார்வர்டர் என்பவர் உங்கள் முகவர். உங்கள் சார்பில் கப்பலில் இடம் பதிவு செய்வார், காகிதங்களைத் தயாரிப்பார், கூலி பெற்றுக்கொள்வார். சரக்கைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு கப்பல் நிறுவனத்துடையது. என்விஓ அப்படியல்ல. அவர் தாமே கட்டணம் நிர்ணயித்து, தாமே பி.எல். தந்து, போக்குவரத்து முழுவதற்கும் தாமே நேரடியாகப் பொறுப்பேற்கிறார். கஸ்டம்ஸ் புரோக்கர் மூன்றாவது ஆள். ஷிப்பிங் பில் எனப்படும் சுங்க ஏற்றுமதி அறிக்கையைத் தாக்கல் செய்து சுங்க அனுமதி வாங்கித் தருவதோடு அவர் பணி முடிகிறது.

ஒரே நிறுவனம் இந்த மூன்று வேலைகளையும் செய்யும்போது, எந்த நிலையில் நின்று அது உங்களோடு ஒப்பந்தம் செய்தது என்பதைக் காகிதத்தில் உள்ள கையெழுத்துப் பகுதிதான் சொல்லும். ‘ஆஸ் கேரியர்’ என்று இருந்தால் பொறுப்பு அவருடையது. ‘ஆஸ் ஏஜென்ட்’ என்று மட்டும் இருந்து, யாருக்கு ஏஜென்ட் என்று எழுதப்படாமல் இருந்தால், அந்தக் காகிதத்தை ஏற்கும் முன் கேள்வி கேளுங்கள்.

நேரடியாகக் கப்பல் நிறுவனத்திடமே போய்விடலாமே? நடுவில் ஒருவர் எதற்கு?

ஒரு கண்டெய்னர் நிறையச் சரக்கு உங்களிடம் இருந்தால் போகலாம். சிலர் போகவும் செய்கிறார்கள். ஆனால் 20 அடி கண்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். உங்களிடம் இருப்பது 5 கன மீட்டர் சரக்கு என்றால் பெரிய கப்பல் நிறுவனங்களுக்கு அதைத் தனியாக ஏற்க வழியில்லை. அவை பெட்டியை விற்கின்றனவே தவிர, பெட்டிக்குள் இருக்கும் இடத்தைக் கூறு போட்டு விற்பதில்லை. அந்தக் கூறுபோடும் வேலையை, அதாவது எல்.சி.எல். (ஒரு பெட்டியை நிரப்பாத சரக்கு) சேவையை, என்விஓ செய்கிறார். பத்துப் பதினைந்து ஏற்றுமதியாளர்களின் சரக்கை சி.எஃப்.எஸ். எனப்படும் கண்டெய்னர் சரக்குக் கிடங்கில் திரட்டி, ஒரே பெட்டியில் அடுக்கி, முழுப் பெட்டியாகக் கப்பலிடம் ஒப்படைக்கிறார். உங்களிடம் கன மீட்டர் கணக்கிலோ டன் கணக்கிலோ எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகிறார்; கப்பலுக்குப் பெட்டிக் கணக்கில் கொடுக்கிறார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அவர் வருமானம்.

முழுப் பெட்டிச் சரக்கிலும் அவருக்கு இடமுண்டு. ஆண்டுக்குச் சில பெட்டிகள் மட்டும் அனுப்பும் ஏற்றுமதியாளருக்குக் கிடைக்காத விலை, ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு உறுதி கொடுத்து ஒப்பந்தம் போடும் என்விஓவுக்குக் கிடைக்கும். கப்பலில் இடத்துக்குத் தட்டுப்பாடு வரும் பருவத்தில் அந்த ஒப்பந்தம் விலையைவிடப் பெரிய உதவியாகிறது.

தூத்துக்குடியில் ஒப்படைத்த எல்.சி.எல். சரக்கு உண்மையில் எந்த வழியில் போகிறது?

பெரும்பாலும் கொழும்பு வழியாக. தூத்துக்குடியிலிருந்து ஃபீடர் கப்பலில் கொழும்பு சென்று, அங்கிருந்து பெரிய கப்பலில் மாற்றி ஏற்றப்படுகிறது. முழுப் பெட்டி என்றால் பெட்டி திறக்கப்படாமலேயே மாறும். எல்.சி.எல். சரக்கிலோ சில சமயம் கொழும்புக் கிடங்கில் பெட்டியைப் பிரித்து, வேறு துறைமுகங்களிலிருந்து அதே ஊருக்கு வந்திருக்கும் சரக்கோடு சேர்த்து மறுபடி அடுக்குகிறார்கள். இந்த இடத்தில்தான் அட்டைப்பெட்டிகள் நசுங்குவதும், எண்ணிக்கை குறைவதும், ஒரு சரக்கின் காகிதச் சிக்கலால் உடன் இருக்கும் மற்றவர்களின் சரக்கும் தாமதமாவதும் நடக்கின்றன. உங்கள் சரக்கு நேரடிப் பெட்டியில் போகிறதா, நடுவில் பிரிக்கப்படுகிறதா என்று பதிவு செய்யும்போதே கேட்பது உங்கள் உரிமை.

அமெரிக்காவுக்குப் போகும் சரக்கு என்றால், அந்நாட்டுக்குச் செல்லும் கப்பலில் ஏற்றப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே அதன் விவரங்கள் அமெரிக்கச் சுங்கத்துக்குப் போய்ச்சேர வேண்டும். ஹவுஸ் பி.எல். (என்விஓ உங்களுக்குத் தரும் பி.எல்.) அளவிலான விவரம் கப்பல் நிறுவனத்துக்குத் தெரியாது. அதை என்விஓதான் தாக்கல் செய்ய வேண்டும் அல்லது கப்பல் நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். நீங்கள் விவரங்களைத் தாமதமாகத் தந்தால் சரக்கு கொழும்பிலேயே நிற்க நேரிடும்.

ஹவுஸ் பி.எல்., மாஸ்டர் பி.எல். இரண்டும் ஒரே சரக்குக்குத்தானே? எதற்கு மதிப்பு அதிகம்?

ஒரே சரக்குக்குத்தான். ஆனால் அவை இரண்டு தனித்தனி ஒப்பந்தங்களுக்கான சாட்சியங்கள். கப்பல் நிறுவனம் என்விஓவுக்குத் தருவது மாஸ்டர் பி.எல்.; அதில் ஷிப்பர் என்று என்விஓவின் பெயரும், கன்சைனி, அதாவது சரக்கைப் பெறுபவர் என்று, இறங்கும் துறைமுகத்தில் உள்ள அவருடைய ஏஜென்டின் பெயரும் இருக்கும். என்விஓ உங்களுக்குத் தருவது ஹவுஸ் பி.எல்.; அதில்தான் ஷிப்பர் என்று உங்கள் பெயரும், கன்சைனி என்று வாங்குபவரோ வங்கியோ இருக்கும்.

இதன் விளைவை நிதானமாக எண்ணிப் பாருங்கள். கப்பல் நிறுவனத்தின் கணக்கில் உங்கள் பெயரே கிடையாது. மாஸ்டர் பி.எல். பெரும்பாலும் சீவே பில்லாகவோ, ‘டெலக்ஸ் ரிலீஸ்’ செய்யப்பட்டதாகவோ இருக்கும். ஆகவே கப்பல் வந்ததும் ஏஜென்ட் அசல் காகிதம் எதுவும் இல்லாமலே பெட்டியைத் தன் கைவசம் எடுத்துக்கொள்வார். அதற்குப் பிறகு, ஹவுஸ் பி.எல்.லின் அசலை வாங்கிக்கொண்டுதான் சரக்கைத் தர வேண்டும் என்ற கட்டுப்பாடு முழுவதும் அந்த ஏஜென்டின் நேர்மையிலும், அவர்மேல் உங்கள் என்விஓவுக்கு இருக்கும் பிடியிலும்தான் இருக்கிறது. கப்பல் நிறுவனம் உங்கள் ஹவுஸ் பி.எல்.லைப் பார்க்கப் போவதில்லை; பார்க்கக் கடமைப்பட்டதும் இல்லை.

ஆகவே ‘ஹவுஸ் பி.எல். மதிப்பற்றது’ என்று சொல்வது தவறு. முறையாக எழுதப்பட்ட ஹவுஸ் பி.எல். முழுச் சட்ட மதிப்புடைய ஆவணம். ஆனால் எழுதித் தந்தவர் எவ்வளவு நம்பகமானவரோ, எவ்வளவு வசதி உள்ளவரோ, அந்த அளவுக்கே அந்த ஆவணத்தால் பணம் மீட்க முடியும்.

வாங்குபவர் தானே ஒரு ஃபார்வர்டரைக் குறிப்பிட்டு, ‘எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, இவரிடம் ஒப்படைக்கவும்’ என்கிறார். இதில் ஆபத்து உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

விற்பவர் சரக்கைக் கப்பலில் ஏற்றித் தருவதோடு அவர் பொறுப்பு முடியும் எஃப்.ஓ.பி. முறையில் கடல் கட்டணத்தைக் கொடுப்பவர் வாங்குபவர். தூத்துக்குடியில் ஹவுஸ் பி.எல். தருபவரும், மறுமுனையில் சரக்கை விடுவிக்கும் ஏஜென்டும் அவரிடம் தொழில் பெற்று வாழ்பவர்கள். உங்களோடு அவர்களுக்கு ஒரு சரக்குக்கான பழக்கம். வாங்குபவரோடு பல ஆண்டுப் பழக்கம். ‘பணம் அனுப்பிவிட்டேன், காகிதம் வந்துகொண்டிருக்கிறது, சரக்கை விடுங்கள்’ என்று வாங்குபவர் சொன்னால், அசலைப் பார்க்காமல் சரக்கை விட்டுவிடும் தூண்டுதல் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பி.எல்.லுக்கு வழக்கமாகத் தரப்படும் மூன்று அசல்களும் உங்கள் வங்கியில் பத்திரமாக இருக்கும். ஆடைகள் கடையில் விற்றுக்கொண்டிருக்கும்.

இதைத் தடுக்கச் சில வழிகள் உள்ளன. முதலாவது, கன்சைனி இடத்தில் வாங்குபவரின் பெயரை நேரடியாக எழுதவிடாமல், ‘டு ஆர்டர்’ (பின்புறக் கையெழுத்தால் உரிமை மாறும் வகை) என்றோ, வாங்குபவரின் வங்கி ஒப்புக்கொண்டால் அந்த வங்கியின் ஆர்டருக்கு என்றோ எழுதச் சொல்வது. அமெரிக்காவுக்கு அனுப்புவோருக்கு இது மிகவும் தேவை: அந்நாட்டின் 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த விதிகளின்படி, பெயர் மட்டும் எழுதிய ‘ஸ்ட்ரெயிட்’ பி.எல். மாற்றுரிமை இல்லாதது, பெயர் குறிப்பிட்ட கன்சைனிக்கு அசல் இல்லாமலே சரக்கை ஒப்படைக்க அது இடம் தருகிறது. இரண்டாவது, தூத்துக்குடியில் கையெழுத்திடுபவர் இந்தியாவில் பதிவு பெற்ற நிறுவனமாக, தானே சரக்கேற்றுநர் என்று ஒப்புக்கொள்பவராக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே கேட்பது. மூன்றாவது, புதிய வாங்குபவராக இருந்தால், கட்டணத்தை நீங்களே ஏற்கும் விலை முறையைப் பேசி, உங்களுக்கு நம்பிக்கையான என்விஓவைத் தேர்ந்தெடுப்பது. விலையில் கடல் கட்டணம் கூடுகிறதே என்று தயங்குவார்கள்; அது கட்டுப்பாட்டுக்கான விலை என்று எண்ணிக்கொள்ள வேண்டும்.

கண்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி.யைவிட, வாங்குபவர் குறித்த சரக்கேற்றுநரிடம் ஒப்படைப்பதோடு விற்பவரின் பொறுப்பு முடியும் எஃப்.சி.ஏ. முறை பொருத்தமானது என்று, பன்னாட்டு வணிக முறைகளை வரையறுக்கும் இன்கோடெர்ம்ஸ் விதிகளே சொல்கின்றன. 2020 பதிப்பு, எஃப்.சி.ஏ.வில்கூட விற்பவருக்குக் கப்பலில் ஏற்றப்பட்டதற்கான பி.எல். தரும்படி வாங்குபவர் தன் சரக்கேற்றுநருக்கு உத்தரவிட வழி செய்திருக்கிறது. ஆனால் திருப்பூர் வழக்கத்தில் எஃப்.ஓ.பி. ஆழமாக வேரூன்றிவிட்டது.

எஃப்.சி.ஆர். என்ற காகிதம் தருகிறார்களே, அதுவும் பி.எல். போலத்தானா?

இல்லை. அது ஃபார்வர்டர் சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டுமே. அதை வைத்துக்கொண்டு மறுமுனையில் சரக்கைத் தடுக்க முடியாது. பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்கள் இந்த முறையைக் கேட்கும்போது, நீங்கள் அவர்களுக்குக் கடன் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்தே ஒப்புக்கொள்ளுங்கள்.

எல்.சி. எனப்படும் வங்கிக் கடனுறுதிக் கடிதத்தின் கீழ் ஹவுஸ் பி.எல்.லை வங்கி ஏற்குமா?

2007ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள யு.சி.பி. 600 என்னும் பன்னாட்டு எல்.சி. விதிகள், பி.எல். தந்தவர் கப்பல் வைத்திருப்பவராக இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. சரக்கேற்றுநரின் பெயர் தெரிய வேண்டும். அவரோ, கப்பல் தலைவரோ, அவர்களுக்கு ஏஜென்ட் என்று தெளிவாகக் குறிப்பிட்டவரோ கையெழுத்திட வேண்டும். இது நிறைவேறினால் ஹவுஸ் பி.எல். ஏற்கத்தக்கதே. ஆயினும் ‘ஹவுஸ் பி.எல். ஏற்கப்படாது’ என்ற நிபந்தனை எல்.சி.யில் இருந்தால், சரக்கு ஏறுவதற்கு முன்பே திருத்தம் வாங்கிவிடுங்கள்.

என்விஓவுக்கு முழுக் கட்டணமும் கொடுத்துவிட்டேன். ஆனால் கப்பல் நிறுவனம் பெட்டியை விட மறுக்கிறது. இது நியாயமா?

உங்கள் மனத்துக்கு நியாயமாகப் படாது; மாஸ்டர் பி.எல். நிபந்தனைகளின்படி அதற்கு அந்த உரிமை உண்டு. உங்களிடம் வாங்கிய பணத்தை என்விஓ கப்பலுக்குக் கட்டாமல் விட்டால், கப்பல் நிறுவனம் தன் கட்டணத்துக்காகப் பெட்டியைப் பிடித்து வைக்கலாம். நீங்கள் என்விஓவுக்குக் கொடுத்தது அவர் கணக்கு. அவர் கப்பலுக்குக் கொடுக்க வேண்டியது வேறு கணக்கு. சரக்கு அவசரம் என்பதால் இரண்டாம் முறையும் பணம் கட்டி மீட்டவர்கள் உண்டு.

கோ-லோடிங் நடக்கும்போது இந்தச் சங்கிலி இன்னும் நீள்கிறது. பெட்டி நிரப்பும் அளவுக்குச் சரக்கு இல்லாத சிறிய என்விஓ, தான் திரட்டியதைப் பெரிய என்விஓவிடம் கொடுத்துவிடுவார். அப்போது உங்களுக்கும் கப்பலுக்கும் நடுவில் இருவர். ஒரே சரக்குக்கு மூன்று பி.எல்.கள். சங்கிலியில் எந்தக் கண்ணி பணம் கட்டாமல் விட்டாலும் நிற்பது உங்கள் சரக்குதான்.

கப்பல் நிறுவனமே திவாலானால் என்விஓவின் நிலை என்ன?

2016 ஆகஸ்ட் 31 அன்று தென்கொரியாவின் ஹன்ஜின் ஷிப்பிங் நிறுவனம் சியோல் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டு மனு செய்தபோது இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. கட்டணம் கிடைக்காது என்று அஞ்சிய துறைமுகங்கள் அதன் கப்பல்களை ஏற்க மறுத்தன. கப்பல்கள் சரக்கோடு கடலில் காத்து நின்றன. வேறு நிறுவனத்தில் இடம் பதிவு செய்திருந்தவர்களின் பெட்டிகளும், கூட்டணி ஏற்பாட்டின்படி ஹன்ஜின் கப்பலில் ஏறியிருந்ததால் சிக்கிக்கொண்டன. ஹவுஸ் பி.எல். கொடுத்திருந்த என்விஓக்கள், ‘கப்பல் திவாலாகிவிட்டது, நாங்கள் என்ன செய்வோம்’ என்று எளிதில் விலகிவிட முடியாத இடத்தில் இருந்தார்கள். சரக்கேற்றுநர் என்று கையெழுத்திட்டவர்கள் அவர்கள். அத்தகைய நாளில் கூடுதல் செலவைத் தாங்கிப் பெட்டியை மீட்டுத் தரும் வலிமை எல்லா என்விஓக்களுக்கும் இருக்காது. அவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவது ஏன் போதாது என்பதற்கு இது சான்று.

சரக்கு சேதமானால் முழு மதிப்பையும் என்விஓ தருவாரா?

மதிப்பை முன்கூட்டி அறிவித்துப் பி.எல்.லில் எழுதியிருந்தால் ஒழிய, தரமாட்டார். இந்தியாவின் 1993ஆம் ஆண்டுப் பலவழிப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் கடல்வழியும் அடங்கிய பயணத்தில் பொறுப்பின் வரம்பு, கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர். அல்லது ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர்., இவற்றில் எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. அமெரிக்காவின் 1936ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரம்பு ஒரு பொதிக்கு 500 டாலர்.

‘பொதி’ என்ற சொல்லில்தான் பணம் இருக்கிறது. பி.எல்.லில் ‘420 அட்டைப்பெட்டிகள்’ என்று எழுதியிருந்தால் வரம்பு 420 முறை கணக்கிடப்படும். ‘ஒரு கண்டெய்னர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் முழுப் பெட்டியும் ஒரே பொதி என்று வாதாட இடம் கொடுக்கிறீர்கள். இருந்தாலும் இவை பொறுப்பின் வரம்புகளே. சரக்குக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். என்விஓ வைத்திருக்கும் பொறுப்புக் காப்பீடு அவரைக் காக்க எடுத்தது.

என் சரக்குக்குச் சேதமே இல்லை. ஆனாலும் ‘ஜெனரல் ஆவரேஜ்’ என்று பணம் கேட்கிறார்களே?

கப்பலையும் சரக்கையும் பொது ஆபத்திலிருந்து காக்கச் செய்த செலவை, காப்பாற்றப்பட்ட அனைவரும் தத்தம் மதிப்புக்கேற்பப் பகிர வேண்டும் என்பது கடல் வாணிகத்தின் மிகப் பழைய விதி. 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி, 29 அன்று மீட்கப்பட்ட எவர் கிவன் கப்பலின் உரிமையாளர் இதை அறிவித்தார். சரக்கு யார் வழியாகப் பதிவானாலும் பங்கு சரக்கு உரிமையாளருடையது. எல்.சி.எல். பெட்டியில் ஒருவர் உத்தரவாதம் தரத் தாமதித்தால் மற்றவர்களின் சரக்கும் அவரோடு காத்திருக்கும். காப்பீடு இருந்தால் உத்தரவாதத்தைக் காப்பீட்டு நிறுவனம் தரும். இல்லையேல் ரொக்கமாகக் கட்ட வேண்டும்.

ஒரு என்விஓ நம்பத்தக்கவர் என்பதை எப்படிச் சரிபார்ப்பது?

இந்தியாவில் ‘என்விஓசிசி’ என்ற பெயரில் தனி உரிமம் இல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் எம்.டி.ஓ., அதாவது பலவழிப் போக்குவரத்து இயக்குநர் என்ற பதிவு பெறுகிறார்கள், பதிவு எண்ணை பி.எல்.லிலேயே காணலாம். அது நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். அமெரிக்கத் தடத்தில், அந்நாட்டின் கூட்டாட்சிக் கடல்சார் ஆணையம் என்விஓக்களின் பட்டியலை இணையத்தில் வெளியிடுகிறது. அங்கே உரிமம் பெற்றவர் 75,000 டாலருக்கும், உரிமம் பெறாமல் பதிவு மட்டும் செய்துகொண்ட வெளிநாட்டு என்விஓ 150,000 டாலருக்கும் பிணைப்பத்திரம் வைக்க வேண்டும். பட்டியலில் இல்லாத ஒருவரின் பி.எல்.லில் அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்பாதீர்கள். அதே வேளையில், ஒரே கண்டெய்னர் ஆடையின் மதிப்பே பிணைத்தொகையைத் தாண்டக்கூடும் என்பதையும், அதே தொகைக்குப் பலர் உரிமை கோரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அதோடு, மாஸ்டர் பி.எல்.லின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை அல்லது கண்டெய்னர் எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் பெட்டி எங்கே இருக்கிறது என்று நீங்களே அறியலாம். எண்ணைத் தர மறுப்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

அசல் பி.எல். வங்கியில் இருக்கும்போதே சரக்கு விடுவிக்கப்பட்டுவிட்டதாகச் சந்தேகம். முதலில் என்ன செய்வது?

கண்டெய்னரின் நடமாட்டத்தைப் பாருங்கள். பெட்டி துறைமுகத்தைவிட்டு வெளியேறி, காலியாகத் திரும்பியதாகக் காட்டினால் சரக்கு இறக்கப்பட்டுவிட்டது. எல்.சி.எல். சரக்கு என்றால் அது ஏஜென்டின் கிடங்கிலேயே இருக்கக்கூடும். சரக்கு எந்தக் கிடங்கில், எந்த எண்ணில் இருக்கிறது என்று என்விஓவிடம் எழுத்து மூலம் கேளுங்கள். தொலைபேசிப் பேச்சு போதாது. பதில் மழுப்பலாக இருந்தால், அசல்கள் உங்களிடம் உள்ளன, அவை இல்லாமல் சரக்கை விட்டிருந்தால் முழுப் பொறுப்பும் அவருடையது என்று அன்றைக்கே கடிதம் அனுப்புங்கள். ஈ.சி.ஜி.சி. எனப்படும் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி இருந்தால் அவர்களுக்கும் தாமதமின்றித் தெரிவியுங்கள்.

‘பேசி முடிக்கலாம்’ என்று வாங்குபவர் மாதக்கணக்கில் இழுப்பது வழக்கம். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழக்குத் தொடுக்க ஒன்பது மாதங்களே காலம், கடல்வழி பி.எல்.களுக்கான ஹேக்-விஸ்பி விதிகளில் ஓராண்டு. குறைந்த காலத்தையே உங்கள் கெடுவாக வைத்துக்கொண்டு வழக்கறிஞரை முன்கூட்டியே பாருங்கள். அதுவரை, கணக்கை நேர்செய்ய வேண்டும் என்று யார் கேட்டாலும், பணம் வங்கியில் சேராமல் அந்த மூன்று அசல்களில் ஒன்றைக்கூடக் கையைவிட்டு விடாதீர்கள்.